வார் விழுந்த பக்கம்

பால் நேரத்துக்கு விசில் அடித்ததும் வேலுத்தாய் கத்திரியைத் தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டு ஓடினாள். காட்டிலிருந்து கைப்பிள்ளைகளை வைத்திருக்கும் கிரச்சுக்கு இறக்கம்தான். ஆனால் மழை பெய்த இறக்கம். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை சுற்றியிருந்த பிளாஸ்டிக் படங்கு காலைத் தட்டியது. முதுகில் பாதி நிறைந்த கொழுந்துச் சாக்கு குதித்துக்கொண்டே வந்தது.

சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஓடலாமே என்று வெளியாள் யாராவது கேட்கலாம். இறக்கினால் அதன் வாரைக் கழற்ற வேண்டும். வாருக்குமேல் இறுக்கிய கயிற்றை அவிழ்க்க வேண்டும். கயிறு போனால் படங்கும் கூடவே உருவிக்கொண்டு விழும். திரும்ப எல்லாவற்றையும் கட்டி முடிப்பதற்குள் பால் நேரம் போய்விடும். அதனால் யாரும் அவிழ்ப்பதில்லை.

வார் வலது தோளில் இறங்கி, வலது மாரைக் குறுக்கே அமுக்கிக்கொண்டு, இடது இடுப்புக்குப் போகும். வலது கையால் கத்திரியை ஓட்டி, வெட்டிய இலையை இடது தோளுக்குமேல் பின்னால் வீச வேண்டும். அதற்கு அப்படி மாட்டினால்தான் தோது. பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க மிச்சம் இருப்பது இடது. கிரச்சு பெஞ்சின் நுனியில், சாக்கோடும் படங்கோடும் பாதி உட்கார்ந்து, ரவிக்கையின் இடது பக்கத்தை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடிவர வேண்டியதுதான். அந்த எஸ்டேட்டில் பிள்ளை பெற்ற எல்லாரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

பக்கத்து நிரையில் வெட்டும் சிசிலி, தன் இரண்டு பிள்ளைகளையும் அப்படி வளர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டவள். அவள்தான் சொன்னாள்:

“இடது புள்ளைக்கு, வலது கம்பெனிக்கு. என்னைக்கோ எழுதி வாங்கிட்டாகடி. நீ புதுசா என்ன கேக்கப் போற?”

நிரை முழுக்கச் சிரித்தது. வேலுத்தாயும் சிரித்தாள்.

அவள் மகள் தன்ஷிகாவுக்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது. வேலைக்கு வந்த புதிதில் வேலுத்தாய் காலையிலும் ராத்திரியிலும் இரண்டு பக்கமும் கொடுத்துப் பார்த்தாள். வலதில் வாயை வைத்தால் பிள்ளை நாலு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதில் வருவதற்கு நேரமாகும், இதில் வாய் வைத்ததும் வரும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவளுக்கும் பிள்ளையோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. அழுகை ஓய்ந்தால் போதும் என்று இடதைக் கொடுத்தாள். கொடுக்காத பக்கம் வற்றியது. கொடுத்த பக்கம் இன்னும் பெருத்தது. ரவிக்கை ஒரு பக்கம் விம்மி ஒரு பக்கம் தொங்கியது.

அவள் புருஷன் அருண்பாண்டி டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். “நம்ம போடிமெட்டு ரோடு கணக்கா இருக்கு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்” என்றான். முதல் தடவை சொன்னபோது அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

அவள் மாமியார் கற்பகமும் அதே காட்டில்தான் இலை வெட்டுகிறாள். நிரையில் வேலுத்தாய்க்கு ஒரு பக்கம் சிசிலி என்றால் மறுபக்கம் கற்பகம். வலது வற்றிவிட்டது என்று மருமகள் சொன்னபோது கற்பகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம குடும்பத்தில் பொம்பளைகளுக்கு வலது செத்ததுதான், நான் மூன்று பெற்றேன், மூன்றும் குடித்தது இடதில்தான் என்றாள். மாமியாருக்குச் செத்தது மருமகளுக்கு எந்த வழியாக வந்தது என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. வேலுத்தாயும் யோசிக்கவில்லை.

யோசிக்க வேண்டியது வேறு இருந்தது. கற்பகத்துக்கு இந்த மழையோடு வேலை முடிகிறது. வயது ஐம்பத்தெட்டு. வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் அவர்கள் இருக்கிற வீடு கம்பெனி வீடு, கற்பகத்தின் பேரில் இருக்கிறது. பெர்மனெண்ட் பேர் உள்ள ஒரு ஆளாவது வீட்டில் இருந்தால்தான் வீடு. ஜீப்காரன் கம்பெனி ஆள் இல்லை. வேலுத்தாய் டெம்பரரி. மழை முடிந்ததும் டெம்பரரியிலிருந்து கொஞ்சம் பேரைப் பெர்மனெண்ட் ஆக்குவார்கள். மஸ்டர் என்கிற ஆஜர் புத்தகத்தில் ஒரு நாளும் பேர் உடையாமல் வந்தவர்களுக்குத்தான் அது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளையைக் கிரச்சில் போட்டுவிட்டு அவள் படங்கு கட்டியது அதற்காகத்தான். கற்பகத்துக்குத் திரும்பிப் போக ஊர் கிடையாது. அவள் அப்பன் காலத்திலேயே கீழ்நாட்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது. பிறந்தது, வாக்கப்பட்டது, புருஷனைப் புதைத்தது எல்லாம் இந்த மலையில். ஆனால் ஒரு கை மண்கூடச் சொந்தமில்லை.

பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. வேலைக்குப் போன முதல் வாரம் கொடுத்தார்கள். லயத்துக்கு வருவது ஓடைத் தண்ணீர். பிள்ளைக்கு வயிற்றால் போய்க் கண் குழி விழுந்து, தாலூக் ஆசுபத்திரியில் நெற்றி நரம்பில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் அருண்பாண்டியைப் பார்த்துக் கத்தினார். அன்றிலிருந்து வேலுத்தாய் அந்த டப்பாவைத் தொடவில்லை. பிள்ளை பிழைத்தது. சதை பிடிக்கவில்லை. போன முறை அங்கன்வாடியில் எடை போட்ட டீச்சர் முகத்தைச் சுளித்து, இதற்குமேல் இறங்கினால் மறுபடி ஆசுபத்திரிதான் என்றாள்.

அடைமழை பிடித்த வாரத்தில் ஒரு நாள், பால் நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் முழித்துக்கொண்டு அழும், மற்றதுகளும் சேர்ந்துகொள்ளும் என்று கிரச்சு ஆயா விடவில்லை. வேலுத்தாய் கொடுக்காமலேயே திரும்பி ஏறினாள். சாயங்காலம்வரை கனத்த மாரோடு வெட்டினாள். மழைக்குக் கயிற்றை வேறு இறுக்கிக் கட்டியிருந்தாள். மறுநாள் காலையில் இடது மார் கல்லாக இருந்தது. அக்குளிலிருந்து காம்புவரை சிவப்பாக ஒரு கோடு ஓடியது. பிள்ளை வாய் வைத்தால் காம்புக்குள் ஊசி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள், பேர் உடையக் கூடாதென்று வேலைக்கும் போனாள். அதற்கடுத்த நாள் நிரையிலேயே கால் மடங்கி விழுந்தாள். காய்ச்சல் கொதித்தது. சிசிலிதான் கைத்தாங்கலாக லயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கற்பகம் வேலை விட்டு வந்து ரவிக்கையை விலக்கிப் பார்த்தாள். சீழ் பிடித்துவிட்டது, இந்தப் பாலைக் கொடுத்தால் பிள்ளை தங்காது என்றாள். பிள்ளையைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். போடிக்குச் சவாரி போயிருந்த மகனுக்குப் போன் போட்டு, திரும்பும்போது மல்லிகைப்பூ நிறைய வாங்கி வரச் சொன்னாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை. ஆடிக்குக் கோயிலுக்கோ என்று நினைத்துக்கொண்டானாம்.

அந்தப் பூவை உதிர்த்து மார்மேல் பரப்பி, பழைய துண்டால் இறுக்கிக் கட்டினாள் கற்பகம். கொதிக்கிற மாருக்குப் பூ குளிர்ச்சியாக இருந்தது. காய்ச்சல் மயக்கத்தில் வேலுத்தாய்க்கு அதுவே போதுமென்று இருந்தது. வாடினால் எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்தார்கள். பக்கத்து அறையில் பிள்ளை கத்துவது கேட்டது. கொண்டுவந்து வலதில் போட்டார்கள். அது இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகக் கத்தியது. பிறகு கத்தல் நின்றது. எப்படி நின்றது என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

காய்ச்சல் கொஞ்சம் விட்ட மதியத்தில் கண் முழித்தபோது வீடெல்லாம் மல்லிகை வாசம். மார் இளகியிருந்தது. இளகியது நல்லதாகத் தோன்றியது. அழுத்திப் பார்த்தாள். நேற்றுவரை பீய்ச்சியது இன்று சொட்டியது. பூவைப் பார்த்தாள். அடுப்படி மேடையில் பவுடர் டப்பாவும் பால்புட்டியும் இருப்பதைப் பார்த்தாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, இது புள்ள செத்த வீட்டுல கட்டுறதுல்ல?”

கற்பகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அன்று அவளும் வேலைக்குப் போகவில்லை.

“வத்தணும்னாலும் கட்டுவாக. என் ரெண்டாவது போனப்ப எனக்குக் கட்டுனாக. ரெண்டு நாள்ல நின்னுருச்சு.”

“எதுக்கு எனக்கு வத்தணும்?”

“சீழு வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? வத்துனா வீக்கம் வாடிரும், திங்கக்கிழம வேலைக்குப் போயிரலாம். சூப்பர்வைசர் பிச்சமணிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன், பேரு உடையாமப் பாத்துக்கிறேன்னான்.”

“புட்டிப் பாலக் குடிச்சுத்தான போன தடவ சாகக் கெடந்துச்சு.”

“அப்ப நீ பச்சத் தண்ணியில கலக்குன. நான் கொதிக்க வச்சு ஆத்துறேன்.”

வேலுத்தாய் துண்டை அவிழ்த்தாள். வதங்கிய பூ காலடியில் கொட்டியது. மாமியார் அதைத் தடுக்க வரவில்லை, சத்தமும் போடவில்லை. அரிசி களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்து நின்றாள்.

“நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. வீடு போயிருச்சுன்னா எங்க உக்காந்து பால் குடுப்ப? ரோட்டுலயா?”

வேலுத்தாய் தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கினாள். துணி நனைந்திருந்தது. நனைந்ததைப் பார்த்தாள். பச்சையாக, தண்ணீராகப் போயிருந்தது. அதை அப்படியே கற்பகத்தின் முன்னால் விரித்துக் காட்டினாள். கற்பகம் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருண்பாண்டிக்குப் போன் போட்டால், வண்டியில் டூரிஸ்ட் இருக்கிறார்கள், வியூ பாயிண்ட்டில் இறக்கிவிட்டு வருகிறேன் என்றான். இப்போது வராவிட்டால் நடந்தே போவேன் என்றாள். அவள் குரலில் இருந்தது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். டூரிஸ்ட்டோடேயே வந்து லயத்து வாசலில் ஜீப்பை நிறுத்தினான். பின் சீட்டில் புதுக் கல்யாண ஜோடி. வேலுத்தாய் பிள்ளையோடு முன்னால் ஏறினாள். நர்சு இருக்கும் சப்சென்டர்வரை அந்தப் பெண் தேயிலைக் காட்டை வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். இங்கே இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், எவ்வளவு நல்ல காற்று என்றாள். அருண்பாண்டி ஆமாம் மேடம் என்றான்.

சப்சென்டரில் இருந்த சிஸ்டர் ஆன்மேரி கட்டப்பனைப் பக்கத்துக்காரி. மலைத் தமிழைப் பேசப் பழகியிருந்தாள், மலையாளம் நடுவில் வந்து விழும். முதலில் பிள்ளையைப் பார்த்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தாள். பிறகு திரையை இழுத்துவிட்டு வேலுத்தாயின் மாரைப் பார்த்தாள். மல்லிகை வாசம் அவள் மூக்குக்கும் எட்டியது. பூ கட்டியது யார் என்று கேட்டாள். வேலுத்தாய் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் இனி அந்தப் பூவை மாலை கட்டிச் சாமிக்குப் போடச் சொல் என்றாள்.

உள்ளே சீழ்க்கட்டி இல்லை, பால் கட்டி அழற்சி வந்திருக்கிறது என்றாள். மாத்திரை கொடுத்தாள். வலித்தாலும் இந்தப் பக்கத்தைக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, தேங்கினால்தான் கட்டியாகும், இந்தப் பாலைக் குடித்துப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று இரண்டு தடவை சொன்னாள். வேலுத்தாய் அங்கேயே உட்கார்ந்து கொடுத்தாள். கண்ணில் நீர் வந்தது. பிள்ளை விடாமல் குடித்தது. ஆனால் சீக்கிரமே உறிஞ்சிவிட்டு இன்னும் வேண்டுமென்று தலையை ஆட்டியது. முன்பு போல ஊறவில்லை.

“மத்தது?” என்றாள் ஆன்மேரி.

அது செத்தது என்று வேலுத்தாய் சொன்னாள். ஆன்மேரி கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, பின்னால் அழுத்தி முன்னால் கொண்டுவந்தாள். பல தடவை ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு வந்து நின்றது. இன்னொன்று வந்தது.

“செத்ததில்ல மோளே. இதுக்கு நீ வேலை குடுக்கல, அத்ரதான். புள்ள குடிச்சா ஊறும், குடிக்காட்டி நிக்கும். யாருக்கும் கொஞ்சம் கூடக் கொறய இருக்கும், ஒரு பக்கமே கூட ஒரு பிள்ளைக்குப் போதும். ஆனா அந்த ஒண்ணுக்குக் கேடு வந்தா?”

சொல்லிக்கொண்டே அவள் வேலுத்தாயின் தோளைப் பார்த்தாள். வலது தோளிலிருந்து மாரின் குறுக்கே, விரல் அகலத்துக்குக் கறுத்துத் தழும்பேறிய ஒரு பட்டை போயிருந்தது.

“இது என்ன?”

“சாக்கு வார், சிஸ்டர்.”

“பால் குடுக்கும்போது?”

“அப்பவும் கெடக்கும்.”

ஆன்மேரி அந்தப் பட்டையை விரலால் தொட்டு, எல்லாருக்கும் இப்படியா என்று கேட்டாள்.

வேலுத்தாய் நினைத்துப் பார்த்தாள். லயத்தில் எல்லாருக்கும் ஒரே குழாய்த்தொட்டி. வேலை விட்டு வந்ததும் பெண்கள் வரிசையாக நின்று மேலுக்கு ஊற்றிக்கொள்வார்கள், ஒருத்திக்கொருத்தி மறைப்பதில்லை. சிசிலிக்கு வலது சிறுசு. மேல் வீட்டுக்காரிக்கும். கற்பகத்துக்கு வலது வெறும் தோலாகக் கிடக்கும். அந்தப் பட்டையும் எல்லார் மேலும் இருந்தது. வருஷக்கணக்காக இரண்டையும் பார்த்திருக்கிறார்கள், சோப்புத் தேய்த்திருக்கிறார்கள், கேலி பேசியிருக்கிறார்கள். இதனால்தான் அது என்று ஒருத்தி வாயிலிருந்தும் வந்ததில்லை.

செய்ய வேண்டியதை ஆன்மேரி சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் முதலில் வலது. பிள்ளைக்கு நல்ல பசி இருக்கும்போதே அதைக் கொடுக்க வேண்டும். அழும், உதைக்கும், அவசரப்படாமல் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். கையால் பீய்ச்சி வாயில் ருசி காட்ட வேண்டும். அப்புறம் இடது. வார் அமுக்கக் கூடாது. பகலில் இடைவெளி விழக் கூடாது. எப்போது ஊறும் என்று அவள் நாள் எதுவும் குறித்துச் சொல்லவில்லை. ஊறும், நேரம் வேண்டும் என்றாள்.

பால் நேரம் கொஞ்சம்தான் என்று வேலுத்தாய் சொன்னாள். அப்படியானால் லீவு போடு என்றாள் ஆன்மேரி. டெம்பரரிக்கு லீவு இல்லை, பேர் உடைந்தால் வீடு போய்விடும் என்று வேலுத்தாய் விளக்கினாள். ஆன்மேரி கேட்டுக்கொண்டாள். அவள் பீரோவில் அதற்கு மாத்திரை இல்லை.

திங்கட்கிழமை வேலுத்தாய் வேலைக்குப் போனாள். காய்ச்சல் இல்லை, இடது இன்னும் தொட்டால் வலித்தது. வீட்டில் இருந்த நாட்களில் பிள்ளையை வலதோடு பழக்கப் பார்த்திருந்தாள். வலதில் வைத்தால் தன்ஷிகா முதுகை வில்லாக வளைத்து, முஷ்டியால் குத்தி, நீலம் பாரிக்கக் கத்தினாள். அடுப்படியிலிருந்து கற்பகம் புள்ளையைக் கொல்லாதடி என்றாள். அருண்பாண்டி போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விசில் அடித்தது. வேலுத்தாய் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே கயிற்றை அவிழ்த்தாள், வாரைக் கழற்றிச் சாக்கைச் செடிகளுக்கு நடுவில் இறக்கினாள், படங்கை உருவிச் செடிமேல் போட்டாள். இத்தனை ஆண்டுகளில் அந்த நேரத்தில் யாரும் அவிழ்த்துப் பார்க்காததால் சிசிலி கத்திரியை நிறுத்தினாள்.

“என்னடி, வேலைய விட்டுட்டுப் போறியா?”

“பால் குடுக்கப் போறேன்.”

“அதுக்கு ஏன்டி அம்மணமாகுற?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கற்பகம் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கிரச்சில் பெஞ்சு நுனியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வலதை எடுத்தாள். பிள்ளை வாயை வைத்தது, ஏமாந்தது, துப்பியது, கத்தியது. பீய்ச்சி உதட்டில் தடவினாள். நக்கிப் பார்த்தது, மறுபடி வைத்தாள், மறுபடி துப்பியது. மற்றத் தாய்மார்கள் சாக்கோடு உட்கார்ந்து கொடுத்துக்கொண்டே இவளையே பார்த்தார்கள். ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. நேரமாகுது, எது வருதோ அதக் குடுத்துட்டுப் போ தாயி என்றாள். திரும்பும் விசில் அடித்தது. மற்றவர்கள் எழுந்தார்கள், ஓடினார்கள். வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. தரையில் அவர்கள் காலிலிருந்து விழுந்த சேறும், கத்துகிற பிள்ளையும், அவளும்.

சூப்பர்வைசர் பிச்சைமணி வந்தபோதும் அப்படியே இருந்தாள். அவனும் லயத்துக்காரன்தான். அப்பன் மருந்தடித்து மருந்தடித்து இருமிச் செத்தவன், இவன் எஸ்டேட் செலவில்லாமல் தானாகப் படித்துத் தொப்பி போட்டவன். திறந்த மாரைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த போலியோ சொட்டு மருந்துப் படத்தைப் பார்த்துப் பேசினான்.

“விசில் கேக்கலையா?”

“கேட்டுச்சுண்ணே.”

“அப்புறம்?”

“முடியல இன்னும்.”

“எல்லாப் புள்ளைக்கும் முடிஞ்சது, உன் புள்ளைக்கு மட்டும் முடியாதா? ஏற்கனவே நீ விழுந்து கெடந்த நாளுக்கு உங்க அத்த முகத்துக்காக நான் ஒரு வழி பண்ணியிருக்கேன். இதுக்குமேல என்னால ஆகாது. இப்ப வந்தியா, முழுப்பேரு. இல்லைன்னா அரைப்பேருதான் போடுவேன். அரைப்பேரு விழுந்தா பெர்மனெண்ட்டு எடுக்குறப்ப உன் பேரை எவனும் வாசிக்க மாட்டான்.”

“போடுங்க.”

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுத்து, அவளைப் பார்த்து, மறுபடி படத்துக்குப் போனான்.

“உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.”

“புள்ள எனக்குண்ணே. அத்தைக்கில்ல.”

அவன் போய்விட்டான். நல்லவன் கெட்டவன் என்று அவனைச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கும் மேலே ஒருத்தன் விசில் வைத்திருக்கிறான்.

பிள்ளை கத்திக் களைத்துப்போயிருந்தது. களைப்பில் வாய் தானாகத் திறந்து வலதைப் பற்றியது. பல்லில்லாத ஈறு இறுக்கியது. வேலுத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டாள். இழுத்தது, நிறுத்தியது, இழுத்தது. தொண்டையில் விழுங்குவது தெரிந்தது. ரொம்பக் கொஞ்சம். பிறகு விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்ததும் இடதுக்கு மாற்றினாள். அது வலித்தது. அதிலும் பழைய அளவு இல்லை. பிள்ளை அரைவயிற்றோடு தூங்கிப்போனது. ஆயாவிடம் கொடுத்து, அடுத்த நேரத்துக்குத் தூங்கினாலும் எழுப்பி வை என்றாள். ஆயா வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்து, சரி என்றாள்.

மேலே ஏறினாள். தன் நிரை பின்தங்கிக் கிடக்கும், இருபுறமும் வெட்டி நடுவில் அவள் நிரை மட்டும் எழும்பி நிற்கும் என்று நினைத்துத்தான் போனாள். நிரை மட்டமாக இருந்தது. அவள் சாக்கும் படங்கும் கிடந்த இடத்தைத் தாண்டி, மற்றவர்கள் வெட்டிய அளவுக்கு அதுவும் வெட்டியிருந்தது. கற்பகத்தின் சாக்கு வாய்வரை நிறைந்திருந்தது.

“எல என் சாக்குலதான் கெடக்கு” என்றாள் கற்பகம், நிமிராமல். “உனக்குப் போடல. தொரை ஜீப்பு போனா வெட்டாத நெர கண்ணுல படும். அதுக்குத்தான்.”

வேலுத்தாய் படங்கைச் சுற்றினாள். கயிற்றை நெஞ்சுக்குப் போடாமல் இடுப்பில் கட்டினாள், படங்கு சரிந்து இடுப்புக்கு மேல் மழைக்குத் திறந்துகொண்டது. வாரைச் சுருக்கி முடிச்சுப் போட்டு, இரண்டு மாருக்கும் நடுவில் வருமாறு மாட்டினாள். சாக்கு பிடரியில் போய் இடித்தது. முதல் வீச்சில் பாதி இலை வெளியே கொட்டியது. குனிந்து பொறுக்கினாள். சிசிலி பார்த்தாள், இந்த முறை கேலி பேசவில்லை.

“எத்தன போட்டான்?” என்றாள் கற்பகம்.

“அரை.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இப்படித்தான் அத்தை.”

கற்பகத்தின் கத்திரி நின்றது. அவள் திட்டுவாள் என்று வேலுத்தாய் எதிர்பார்த்தாள். திட்டினால் திரும்பச் சொல்ல ஏறி வரும்போதே நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

“வீடு போயிரும்டி” என்றாள் கற்பகம். அதில் கோபம் இல்லை. பயந்த பிள்ளை சொல்வது போல இருந்தது.

சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை.

“தெரியும் அத்தை.”

இருவரும் வெட்டினார்கள். மழை தூறலாக இருந்தது. இன்னும் நாலைந்து செடி நகர்ந்த பிறகு கற்பகம் கேட்டாள்.

“குடிச்சாளா?”

“கொஞ்சம்.”

“எதுல?”

“வலதுலதான் மொதல்ல.”

“பொய் சொல்லாத.”

“பொய் இல்ல அத்தை. தொண்டையில எறங்குச்சு. பாத்தேன்.”

கற்பகத்தின் கத்திரிச் சத்தம் நின்றது. வேலுத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் கையும் நின்றுவிடும் என்று தெரிந்தது. அரைப்பேருக்கான இலையாவது சாயங்காலத்துக்குள் சாக்கில் விழ வேண்டும். குனிந்து வெட்டினாள்.